பிறை நிலாவும் போடி மலையும்: குழந்தைகளுக்கு வானம் காட்டிய புத்தகங்கள்

போடிநாயக்கனூரில் பிறை நிலா சீக்கிரம் மறைந்துவிடும். மேற்கே ஏலமலை நிற்கிறதே, அதுதான் காரணம். மாசி, பங்குனி மாதங்களில் பார்த்தால் அந்தப் பிறை கிட்டத்தட்ட மல்லாந்து, தோணி மாதிரி மிதக்கும். ஆனால் குழந்தைகள் புத்தகத்தில்? பெரும்பாலும் நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கும்!

படம் வரைந்தவர் மேல் தப்பில்லை. அவர் வேறு ஊர் வானத்தைப் பார்த்தவர். போடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது, மாஸ்கோ ஏறத்தாழ 56 பாகையில். வடக்கே போகப் போகப் பிறை நிமிரும், துருவ நட்சத்திரமும் மேலே ஏறும். போடியில் அது அடிவானத்திலிருந்து 10 பாகை உயரம்தான். வடக்குப் பக்கம் மலையை ஒட்டிய ஊராக இருந்தால் அதுவும் தெரியாது. 1991ல் சோவியத் யூனியன் கலையும் வரை மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மலிவு விலையில் வந்த புத்தகங்களைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆசையாகப் படித்தார்கள். எழுத்து தமிழ்தான், படத்தில் இருந்த வானம் மட்டும் அந்த ஊருடையது.

தமிழிலேயே யோசித்து அறிவியல் எழுதியவர்களும் உண்டு. முதலில் சொல்ல வேண்டியவர் பெ.நா. அப்புசாமி. 1891ல் பிறந்த வழக்கறிஞர். எளிய தமிழில் பல பத்தாண்டுகள் அறிவியல் எழுதி 1986ல் மறைந்தார். ஹாலி வால்நட்சத்திரம் வந்த 1910, 1986 இரண்டு ஆண்டுகளும் அவர் வாழ்நாளுக்குள் அடங்கிவிட்டன என்பது ஒரு சுவையான செய்தி. அடுத்து, பெரியசாமித் தூரன் தலைமையில் வந்த 10 தொகுதி குழந்தைகள் கலைக்களஞ்சியம். ஏலத்தோட்டத்தில் கூலிக்குப் போகும் குடும்பம் 10 தொகுதிகளை வாங்கி வீட்டில் அடுக்கி வைக்குமா? அந்தப் பிள்ளைக்கு நூலகம்தான் கதி.

இங்கேதான் கதையின் முக்கியமான பகுதி வருகிறது. 1931லேயே மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலகம் ஆளைத் தேடிப் போக வேண்டும் என்பதுதான் யோசனை. எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றோரின் முயற்சியால் 1948ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலித்து நூலகம் நடத்தும் ஏற்பாடு. போடி அந்தச் சட்டத்துக்குள் வந்தது.

ஆனால் போடிமெட்டு ஏறினால்? 17 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதும் கேரளம். 1956ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது ஏலமலையின் பெரும்பகுதி அந்தப் பக்கம் போனது. பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். காலையில் ஜீப்பில் ஏறிப்போய் மாலையில் போடிக்குத் திரும்புகிறவர்களும் உண்டு, லயத்திலேயே தங்குகிறவர்களும் உண்டு. தெருவிளக்கு குறைவாக இருப்பதால் நட்சத்திரம் நன்றாகத் தெரிவது மேலே. தமிழ்ப் புத்தகம் அடுக்கிய அலமாரி இருந்ததோ கீழே, வேறொரு மாநிலத்தில்! கேரளத்திலும் வலுவான நூலக இயக்கம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அது மலையாள வாசிப்பை மையமாக வைத்து வளர்ந்தது.

1987ல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் மாத இதழ் தொடங்கியது. சிறுவர்களுக்கான அறிவியல் இதழ், கைமாற்றிப் படிக்க வசதியானது. 1990களில் அறிவொளி இயக்கம் வந்தபோது படிப்பு என்பது ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பதாகவும் ஆனது. நிலாவைப் பற்றிய புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாசிப்பு கிடையாது. வாசித்து முடித்து அண்ணாந்து பார்த்தால் போதும், புத்தகம் சொல்வது சரியா தப்பா என்று தெரிந்துவிடும்.

பிற்பாடு வானம் வேறு வழியாகவும் போடிக்கு வந்தது. பக்கத்துப் பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 தொடக்கத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் துகளை மலைக்கு அடியில் உட்கார்ந்து பிடிக்கும் திட்டம். தண்ணீர், காடு, விவசாயம் என்னாகும் என்று ஊர்மக்கள் எதிர்த்தார்கள். அனுமதிக்க முடியாது என்று 2022ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. பொட்டிப்புரத்துப் பிள்ளைகளில் பலர் நியூட்ரினோ என்ற சொல்லை எந்தக் கதைப் புத்தகத்திலும் படித்திருக்க வாய்ப்பில்லை, சுவரொட்டியில்தான் படித்திருப்பார்கள்.