ஆயா (கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள்)

ஆயா என்பவர், மலேசியாவின் பகாங் மாநிலத்து வடமேற்குக் கோடியிலுள்ள கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில், பிறர் பெற்ற பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை உத்தியோகமாக ஏற்றிருந்த தமிழ்ப் பெண்மணி ஆவார். துரைமார் பங்களாவில் ஒரே குடும்பத்தின் குழந்தைகளுக்காக நியமிக்கப்பட்டவர் ஒரு வகையினர். கொழுந்து கிள்ளப்போகும் தாய்மார் விட்டுச் செல்லும் பிள்ளைகள் அனைவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காத்தவர் மற்றொரு வகையினர். பின்னவர் இருந்த இடத்திற்கு ஆயாக் கொட்டகை என்று பெயர். பேச்சுவழக்கில் ஆயாக் கொட்டாய் என்பார்கள். பங்களா ஆயாவைப் பற்றி வெள்ளைக்கார எழுத்தாளர் சிலர் தம் பால்ய நினைவுகளில் அன்போடு எழுதி வைத்திருக்கிறார்கள்; கொட்டகை ஆயாவைப் பற்றி எழுதியவர் சொற்பம். தோட்ட சமூகத்தின் ஜீவாதாரத்தைத் தாங்கியவர் பின்னவரே என்பதால், இக்கட்டுரையில் அவருக்கே முதலிடம் தரப்படுகிறது.

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பீடபூமியைக் கண்டு தெரிவித்த பின்னரும், ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் அது காடாகவே கிடந்தது. 1925இல் ஆங்கிலேய நிர்வாகி சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் நேரில் வந்து பார்வையிட்டு, உஷ்ணத்தால் வாடும் உத்தியோகஸ்தர்களுக்கு இது தக்க ஆரோக்கிய ஸ்தலமாகும் என்று அபிப்பிராயப்பட்டதை ஒட்டி, பேராக்கிலுள்ள தாப்பாவிலிருந்து மலைப்பாதை போடப்பட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அனுபவம் பெற்றிருந்த ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் சுங்கை பாலாஸ், பேர்லி ஆகிய தோட்டங்களும் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவையாயின. பாரத் நிறுவனத்தின் தோட்டமும் புளூ வேலித் தோட்டமும் வேறு. கடல் மட்டத்திற்கு மேல் நாலாயிரம் ஐயாயிரம் அடி உயரத்தில், பகலிலும் இருபத்தைந்து பாகைக்கு மேல் வெப்பம் ஏறுவது அரிதான சீதோஷ்ணத்தில், மரம் வெட்டிச் சரிவுகளைத் திருத்தி நாற்று நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களும் அவர்களுடைய சந்ததியினருமே.

தேயிலைத் தோட்டம் பெண்களின் விரல்களை நம்பி நடப்பது. ஆணுக்கு நாளொன்றுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு என்பதே 1920களின் இறுதியில் மலாயாவின் கரையோரத் தோட்டங்களில் நிர்ணயிக்கப்பட்டிருந்த நியமக் கூலி. நாற்பது காசுக்குக் கிடைக்கும் கைகள் தொட்டிலை ஆட்டிக்கொண்டு லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டிலேயே தங்கிவிடுவதை எந்த நிர்வாகமும் விரும்பாது. நாற்பது காசை விட்டுவிட்டு வீட்டிலிருக்கக் குடும்பமும் சக்தியற்றிருந்தது. ஆயாக் கொட்டகை இவ்விரண்டு நிர்ப்பந்தங்களின் சந்தியில் எழுந்ததேயன்றி, நிர்வாகத்தின் கருணையினால் மட்டும் எழுந்ததன்று. கொழுந்து கிள்ளத் தேகபலம் போதாத மூத்த பெண்களையே பொதுவாக இப்பணியில் அமர்த்துவார்கள். அவர்களுடைய முதுமைக்கும் அதுவே ஓர் ஆதரவாக அமைந்தது.

விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்கு மணியடித்ததும், கம்பளித் துணியால் காதுவரை மூடிய குழந்தையை இடுப்பிலும், பால் போத்தலும் மாற்றுத் துணியும் கட்டிய மூட்டையைக் கையிலுமாகத் தாய்மார் பனிமூட்டத்தினூடே கொட்டகைக்கு வருவார்கள். நீண்டதொரு மண்டபம், குறுக்குச் சட்டங்களில் வரிசையாகத் தொங்கும் ஏணைகள். அவை பெரும்பாலும் அந்தந்தத் தாயின் பழஞ்சேலைகளேயாதலால், எந்த ஏணை எந்தப் பிள்ளைக்குரியது என்பதை நிறத்தைக் கொண்டே ஆயா அறிந்துகொள்வார். ஒரு காலால் ஓர் ஏணையின் கயிற்றை இழுத்தவாறே, மடியிலிருக்கும் பிள்ளைக்குக் கஞ்சி புகட்டி, தவழும் பிள்ளை வாசற்படியைத் தாண்டாதபடி கண்ணால் மறித்து, வளர்ந்த பிள்ளையிடம் கதை சொல்லும் சாமர்த்தியம் அனுபவத்தால் மட்டுமே வருவது. பால்குடி மறவாத சிசுக்களின் தாய்மார் கொழுந்து நிறுக்கும் இடைவேளையில் ஓடிவந்து பாலூட்டிச் செல்வார்கள். மழையும் குளிரும் நீங்காத இம்மலையில் துணி உலர்த்துவதே ஒரு பெரும்பாடு. சளியும் இருமலும் ஒரு பிள்ளையிடமிருந்து மறுபிள்ளைக்குத் தாவுவதைத் தடுப்பது அதனினும் பெரிது. தோட்டத்து மருந்துச் சாலைக்கு முன்பே நோயை உணர்ந்தவர் பலமுறை ஆயாவாகவே இருந்திருப்பார்.

ஜாதி பார்த்துத் தண்ணீர் வாங்கிய காலத்திலும், கொட்டகைக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பானைக் கஞ்சியைக் குடித்தன. அதைச் சமூக சீர்திருத்தம் என்று எவரும் அறிவித்ததில்லை. ஆயா ஒருவர், பானை ஒன்று, பசித்த வாய்கள் பல என்பதே காரணம்.

பங்களா ஆயாவின் வாழ்க்கை வேறு விதமானது. மலாயா நகரங்களின் ஐரோப்பியக் குடும்பங்கள் சீனத்துப் பணிப்பெண்களான அமாக்களையும் ஹைனான் சமையற்காரர்களையும் விரும்பினாலும், தோட்டங்களில் தமிழ் ஆயாவே சகஜம். லயத்தை விட்டுக் குன்றின் உச்சியிலுள்ள பங்களாவின் பின்கட்டு அறைக்கு அவர் குடிபெயர்வார். துரைசாணியின் குழந்தையைக் குளிப்பாட்டி, உணவூட்டி, மாலையில் தோட்டத்துப் பாதையில் உலாவ அழைத்துச் சென்று, உறங்கவைப்பார். தோட்டத்துத் துரைமார் தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறவேண்டுமென்ற சம்பிரதாயம் இருந்தது. 1919இல் தோன்றிய தோட்ட அதிகாரிகள் சங்கமும் அத்தகைய பரீட்சைகளை நடத்தியது. தகப்பனார் அகராதியைப் புரட்டித் திணறிய பாஷையை, பிள்ளை ஆயாவின் இடுப்பிலிருந்தே பேசப் பழகியது. ஆனால் அப்பிள்ளை மேசையில் உண்ணும்போது ஆயா நின்றுகொண்டிருந்தார். குழந்தையின் படுக்கையறை வரை உரிமையோடு சென்றவருக்கு, அவ்வீட்டின் கூடத்து நாற்காலி ஒருபோதும் உரியதாகவில்லை.

ஐரோப்பாவில் இதற்கு அண்மையானதாகத் தோன்றும் ஓ பேர் முறையோடு ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். 1969 நவம்பர் 24ஆம் நாள் ஸ்திராஸ்பூர்க் நகரில் கையெழுத்தான ஐரோப்பிய உடன்படிக்கையின்படி, பதினேழு முதல் முப்பது வயதிற்குட்பட்ட ஒருவர், அந்நிய தேசத்துக் குடும்பத்தில் அதன் அங்கத்தினர் போலவே தங்கி, நாளுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேற்படாமல் உதவி செய்து, வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வும் கைச்செலவுப் பணமும் பெற்று, அந்நாட்டு மொழியையும் கற்கலாம். பங்களா ஆயாவுக்கு மணிக்கணக்கும் இல்லை, வயது வரம்பும் இல்லை. மொழியைக் கற்றவர் அவரன்று, அவர் வளர்த்த குழந்தை.

அந்த உறவும் அற்பாயுளானது. ஏழெட்டு வயதானதும் ஐரோப்பியப் பிள்ளைகளைச் சீமைக்குப் படிக்க அனுப்பிவிடுவது வழக்கம். 1934இல் ஆன் கிரிபித்-ஜோன்ஸ் அம்மையார் கேமரன் மலையிலேயே டாங்லின் விடுதிப் பள்ளியைத் தொடங்கியபின், சில பிள்ளைகளுக்காவது அப்பிரயாணம் தள்ளிப்போயிற்று. இந்தியாவிலிருந்து கப்பலில் குழந்தைகளுடன் லண்டன் சென்ற ஆயாக்களில் சிலர், திரும்பிவரச் செலவுப்பணம் இன்றிக் கைவிடப்பட்டதுண்டு. அத்தகையோருக்காக ஹாக்னி பகுதியில் நடத்தப்பட்ட ஆயாக்கள் இல்லம் இருந்த கட்டடத்தில் 2022இல் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. மலைத்தோட்டத்து ஆயாவோ பிள்ளை போனபின் மீண்டும் லயத்துக்கே திரும்பினார்.

இரண்டாம் உலகப் போரில் வந்த ஜப்பானியர் ஆட்சியில் ஐரோப்பியக் குடும்பங்கள் வெளியேறின, அல்லது சிறைப்பட்டன. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் ரயில்பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். போருக்குப்பின் துரைமார் திரும்பினாலும், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டி 1948இல் தொடங்கிய அவசரகாலமும் 1957இல் வந்த சுதந்திரமும் பழைய பங்களா வாழ்க்கையைக் குறுக்கின; அதோடு பங்களா ஆயாவும் அருகிப்போனார்.

பங்களா ஆயாவையும் கொட்டகை ஆயாவையும் சட்டம் நடத்தியவிதம் கவனிக்கத் தக்கது. 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், வேலைநேரம், ஓய்வுநாள், பிரசவச் சலுகை முதலிய விதிகளின் பாதுகாப்பை வீட்டுப் பணியாளருக்கு அளிக்காமல் விட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ‘வீட்டு வேலைக்காரர்’ என்பதை ‘வீட்டுப் பணியாளர்’ என்று மாற்றியது. பெயர் மாறிய அளவுக்கு உரிமை மாறவில்லை. கொட்டகைக்கோ சட்டத்தில் இடம் கிடைத்தது: தொழிலாளர் குடியிருப்புக்கும் வசதிகளுக்கும் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைக் காப்பகத்தை அவற்றுள் ஒன்றாகக் கொண்டது.

ஆனால் அச்சட்டம் வந்த காலத்திலேயே தோட்டம் மாறத் தொடங்கியிருந்தது. தமிழ்க் குடும்பங்களின் இளைய தலைமுறை கல்வி கற்று, தானா ராத்தா, ஈப்போ, கோலாலம்பூர் என்று பிழைப்புத் தேடிச் சென்றது. கைவிரல்களின் இடத்தில் கத்தரியும் இயந்திரமும் வந்தன. லயங்களில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர் குடியேறினர். அவர்களுடைய அனுமதிச் சீட்டு மனைவி மக்களை உடன் அழைத்துவர இடங்கொடாததால், அந்த லயங்களில் ஏணை கட்ட வேண்டிய பிள்ளைகளே இல்லை. அப்பிள்ளைகள் டாக்காவின் புறநகரிலோ ஜாவாவின் கிராமத்திலோ தத்தம் பாட்டிமாரிடம் வளர்கிறார்கள்.