அகதீசியா

அகதீசியா (பெயர்ச்சொல்): இருப்புக்கொள்ளாமை. கிரேக்க வேர்: ‘அ’ இன்மையைக் குறிக்கும், ‘காதிசிஸ்’ என்றால் அமர்தல். செக் மருத்துவர் லாடிஸ்லாவ் ஹாஷ்கோவெட்ஸ் 1901-இல் ஆக்கிய சொல். அப்போது மனநோய்க்கான ஆன்டிசைகாட்டிக் மருந்துகளே இல்லை. 1950-களில் குளோர்ப்ரோமசின் புழக்கத்துக்கு வந்தபின், அவ்வகை மருந்துகளின் பக்கவிளைவுக்கே இது பெயராக நிலைத்தது. அவற்றுள் ஹாலோபெரிடாலில் அதிகம் காணலாம். வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோப்ரமைடாலும் வரும்.

உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். நின்றால் பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும். நடந்தால் சற்றே தணியும். உள்ளுக்குள் தாங்கமுடியாத தவிப்பு. முற்றினால் தற்கொலை எண்ணமும் எழலாம். மனநோய் முற்றிவிட்டது என்று தவறாக எண்ணி மருந்தின் அளவைக் கூட்டினால் தவிப்பு இன்னும் கூடும்.

அகதீசியாவை மதிப்பிட 1989-இல் வெளியான பார்ன்ஸ் அளவுகோல், நோயாளியை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் குறைந்தது இரண்டிரண்டு நிமிடம் பார்க்கச் சொல்கிறது. இத்தகைய தவிப்பு தென்பட்டால், மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய அல்லது கூட்டிய நாள், தவிப்பு தொடங்கிய நாள் ஆகிய நான்கையும் எழுதிவையுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், அந்தக் குறிப்போடு உடனே மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியின் வீட்டாரே பக்கவிளைவைப் பதிவுசெய்யலாம்.