புக்கிட் சிடிம்: தொழிலாளர் வாங்கிய தோட்டம்

சோழர் கல்வெட்டுக்கள் கூறும் கடாரம் இன்றைய கெடா என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் அந்நாட்டின்மீது படை செலுத்திய செய்தியைப் பள்ளி மாணவரும் அறிவர். அதே மண்ணில் தமிழர் நிலம் கொண்ட மற்றொரு வரலாறும் உண்டு. அது வாளால் நிகழ்ந்ததன்று; மாதம் 10 வெள்ளித் தவணையால் நிகழ்ந்தது.

கெடாவின் வடபகுதி நெல் வயல். தென்பகுதி நெடுகிலும் ரப்பர். சுங்கைப் பட்டாணி, திகாம் பத்து, கூலிம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினர். விடியுமுன் பெரட்டு, பின்பு மரவெட்டு, நண்பகலில் பால் நிறுவை என அவர்தம் வாழ்நாள் கழிந்தது. லயமும் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் தோட்டத்தினுள்ளேயே இருந்தன. ஆயின் அவற்றுள் ஒரு பிடி மண்ணும் அவர்க்கு உரியதன்று. வேலை போயின் வீடும் போம். வீடு போயின் பிள்ளையின் பள்ளியும் போம்.

இந்த ஆபத்து 1950-களில் நேர் வந்து நின்றது. அவசரகாலக் கொந்தளிப்பும், 1957-இல் வந்த விடுதலையும், செயற்கை ரப்பரின் போட்டியும் ஆங்கிலேய முதலாளிகளைத் தயங்கச் செய்தன. பலர் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறினர். மொத்தமாக வாங்கியோர் அவற்றைக் கூறு கூறாக்கிச் சில்லறையாக விற்றனர். இதற்கே 'துண்டாடல்' என்று பெயர். ரப்பர்க் கணக்கில் 100 ஏக்கருக்குக் குறைந்த நிலம் தோட்டம் ஆகாது; அது சிறு உடைமையே. ஆயிரம் ஏக்கர்த் தோட்டம் ஐம்பது துண்டானால் மரங்கள் அங்கேயே நிற்கும், தோட்டம் மறைந்துவிடும். அதனோடு மருந்தகம், குடியிருப்பு, பள்ளி ஆகியவற்றைப் பேணும் பொறுப்பும் ஆளின்றிப் போகும். பேராசிரியர் உங்கு அசீஸ் 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை ஆராய்ந்து தனி அறிக்கையே எழுதினார் என்றால் அதன் பரப்பை உய்த்துணரலாம்.

அந்நாளில் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரும் அமைச்சருமாக இருந்தவர், சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன். விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கட்டும் என்பது அவர் கண்ட வழி. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பங்கு ஒன்று 100 வெள்ளி. அதனை மாதம் பத்துப் பத்தாகச் செலுத்தலாம். நாட்கூலிக்கு வேலை செய்வோர்க்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியில்லை. அவ்வாறிருந்தும் சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று பேசினார். தொழிலாளரும் பணம் கட்டினர். இம்முயற்சியில் வியக்கத்தக்கது தலைவரின் பேச்சைவிட, கட்டியவர்களின் துணிவே எனலாம்.

சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். மலாயாத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் இப்பெயர் பொறித்து வைக்கத்தக்கது.

உழைப்போர் ஒன்றுகூடி உடைமை கொள்வது உலகுக்குப் புதிதன்று. கனடாவின் சசுக்காச்சுவான் மாநிலத்தில் கோதுமை உழவர் 1911-இல் கூட்டுறவுத் தானியக் களஞ்சியக் கம்பெனி நிறுவினர். இருப்புப்பாதை ஓரக் களஞ்சியங்களை வைத்திருந்த வணிகர் எடையிலும் தரத்திலும் தம்மை வஞ்சித்தனர் என்பது அவர்தம் குறை. பங்குத் தொகையில் நூற்றுக்கு 15 பங்கை உழவர் செலுத்த, 85 பங்கை மாநில அரசு கடனாகத் தந்தது. ஓர் ஊரார் போதிய பங்கு எடுத்தாலன்றி அவ்வூரில் களஞ்சியம் எழாது. எழுந்த களஞ்சியத்தை அவ்வூரார் தமதென்று சுட்டிக் காட்டலாம்.

தோட்டச் சங்கத்தின் அமைப்பு வேறு. ஜொகூரில் பால் வெட்டுபவர் கெடாத் தோட்டத்திற்கும் பங்குதாரர். புக்கிட் சிடிமில் வெட்டுபவரோ, பங்கெடுத்திருப்பின், சங்கத்தின் ஆயிரமாயிரம் உடைமையாளருள் ஒருவர். உடைமையாளரான பின்னும் அவர் காலையில் பெரட்டுக்கு நின்றார். கிராணி பெயர் அழைத்தார். 'இத்தோட்டம் என்னுடையது' என்று அவர் சொல்லியிருந்தால் அது ஓரளவே உண்மை. எனினும் அந்த ஓரளவு அற்பமன்று. லயத்தைக் காலி செய் என்று சொல்ல வரும் தரகனுக்கு அங்கு வழியில்லை.

அடுத்தடுத்துப் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. ஆயினும் விலைக்கு வந்த அனைத்தையும் வாங்க அதனால் இயலவில்லை. மலாக்காவின் புக்கிட் ஆசகான் தோட்டத்தில் துண்டாடலை எதிர்த்து 1967-இல் தொழிலாளர் போராட நேர்ந்ததே அதற்குச் சான்று. சம்பந்தன் 1979-இல் மறைந்தார். அவருக்குப் பின் சங்கத்தை நெடுங்காலம் நடத்தியவர்களுள் கே. ஆர். சோமசுந்தரம் குறிப்பிடத்தக்கவர். நாடெங்கும் ரப்பர் நின்ற இடங்களைச் செம்பனை பிடித்துக்கொண்டது. கோலாலம்பூரில் சங்கத்தின் தலைமையகம் விஸ்மா துன் சம்பந்தன் என்னும் பெயரோடு நிற்கிறது. அதிலுள்ள சோமசுந்தரம் அரங்கில் தமிழ் நூல் வெளியீடுகளும் இலக்கியக் கூட்டங்களும் நிகழ்வதைத் தமிழாசிரியர் பலர் அறிவர். அக்கட்டடத்தின் அடிப்பணத்தில் பால் வெட்டியவர்களின் பத்து வெள்ளிகளும் உள்ளன.