தீட்டும் கல்லறையும்

மைசூர்ச் சீமையில் கிறித்தவம் கொண்டுவந்த மாற்றம் பிணத்தை எரிக்காமல் புதைத்ததுதான் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. லிங்காயத்துகள் இறந்தவரைச் சம்மணமிட்டு உட்காரவைத்து, கையில் இட்டலிங்கத்தோடு புதைப்பவர்கள். புதைக்கும் சாதிகள் இன்னும் பல உண்டு. மாறியது தீட்டு. தெருவில் சாவு விழுந்தால் கோயில் நடை சாத்துவது இங்கே வழக்கம். 1933-இல் அடிக்கல் நாட்டிய மைசூர் பிலோமினா பேராலயமோ புனிதையின் திருப்பண்டத்தைப் பீடத்தின் அடியில், நிலவறையில் வைத்திருக்கிறது. மக்கள் படியிறங்கிப் போய் வணங்குகிறார்கள். இறந்த உடலின் எச்சமே அங்கே வழிபாட்டுக்குரியது.

தீட்டு அவ்வளவு லேசில் போய்விட்டதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சாகக் கிடக்கும் தலித் கிறித்தவரின் வீட்டுக்கே குருக்கள் போக வேண்டும் என்று 1704-இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஆணையிட்டார். மதுரை, மைசூர் மிஷன்களின் சேசு சபையினர் நாற்பது ஆண்டு எதிர்த்து நின்றார்கள். 1744-இல் தலித்துகளுக்கெனத் தனிக் குருக்களை வைத்துக்கொள்ள ரோம் இசைந்தது. பெரும் அநீதி அது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவரே எழுந்தது. ஆக, சாவின் தீட்டு கரைந்தது, சாதியின் தீட்டு தங்கிவிட்டது. ஆனால் வீட்டுக்குள் நடந்த மாற்றத்தை இந்த உண்மை பொய்யாக்கிவிடாது. பிண்டம் வைப்பது மகனின் உரிமை. ஆன்மா இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க விதவையோ மகளோ கேட்டாலும் போதும். மூன்றாம், ஏழாம், முப்பதாம் நாள் பூசைகள் பழைய ரோமைத் திருவழிபாட்டிலேயே இருந்ததால், நாள் கணக்கும் மதம் மாறியவர்களுக்குப் புதிதாகப் படவில்லை.