ஊராத்துறைக் கல்லும் ஊருக்குள் வரும் யாவாரியும்

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன மாதம் சரவணையில் ஒரு கூட்டம். நாங்கள் இங்கே படிப்பிக்க வந்து போகிறவர்கள், ஊர்க்காரர் அல்ல. ஆனாலும் "சேரும் வந்து இருங்கோ" என்று கூப்பிட்டார்கள். பேச்சு ஒன்றுதான். பட்டா வாகனத்தில் பிளாஸ்டிக் கதிரை, பெற்சீற், சட்டி பானை எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஸ்பீக்கரில் கூவி வருகிற வெளியூர் யாவாரிகளை ஊருக்குள் விடுவதா, விடாமல் மறிப்பதா.

கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் எழும்பினார். "2022இல சாமான் இல்லாத நேரம் இந்தச் சனத்துக்குக் கடன் குடுத்தது நான். கொப்பி இப்பவும் கிடக்கு. உவன் குடுப்பானோ? கதிரைக் கால் முறிஞ்சா ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" அதற்குப் பின்வரிசையில் இருந்த ஒரு ஆச்சி, "தம்பி, உம்மட கடையில கதிரை என்ன விலையெண்டும் ஒருக்காச் சொல்லுமன்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அண்ணனும் சிரித்தார். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதைச் சிரிப்பில் விட்டுவிட முடியாது.

பிறகு இன்னொருவர், "உந்தச் சோனகரும் சிங்களவரும் வந்து..." என்று தொடங்கி, எங்கள் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். நல்ல மனிசன். எங்களுக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்தப் பாதி வசனம் வீடு வரைக்கும் கூடவே வந்தது. வரலாறு படிப்பிக்கிறவர்களுக்கு இப்படியான நேரத்தில் செய்யத் தெரிந்தது ஒன்றுதான், பழைய கதையைப் போய்ப் பார்ப்பது.

பழைய கதை தூரத்தில் இல்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. திருவிழாவுக்குப் போகிறவர்களில் பலர் அதைக் கவனிப்பதில்லை. முதலாம் பராக்கிரமபாகு (1153-1186) வெளியிட்ட ஆணை அது. பொலன்னறுவையில் இருந்து ஆண்ட சிங்கள மன்னனின் கட்டளை, எழுதப்பட்டது தமிழில். தொடக்கப் பகுதி சிதைந்துவிட்டது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1963இல் வெளியிட்டார்.

அது பேசுவது எங்கள் கூட்டம் பேசிய அதே விஷயத்தை. பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வணிகர், ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். பல துறைகளில் இருந்தும் வருகிறவர்கள் நம்முடைய துறையிலே கூட வேண்டும். யானையும் குதிரையும் கொண்டு வருகிற மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி. இந்த ஒழுங்கு சூரிய சந்திரர் உள்ளவரை. கல்லிலும் செம்பிலும் வெட்டப்பட்டது என்றும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. சரவணைப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போகிற இடம்.

மன்னன் தர்மத்துக்காக மட்டும் இதைச் செய்தான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. யானையும் குதிரையும் தனக்கு வேண்டியவை என்பதை ஆணையிலேயே மறைக்காமல் சொல்லிவிட்டான். உடைந்த கப்பலில் பாதியை எடுப்பதும் சின்ன விஷயமல்ல. ஆனால் அந்தக் கால வழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி என்ற துறையில் காகதிய மன்னன் கணபதிதேவன் 1244இல் ஒரு அபய சாசனம் வெட்டினான். முந்திய அரசர்கள் புயலில் ஒதுங்கிய கப்பலின் சரக்கு முழுவதையும் பறித்தார்கள், நாங்கள் குறித்த சுங்கத்தை மட்டும் எடுப்போம் என்பது அதன் சாரம். 14ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையைக் கண்ட இப்னு பதூதாவும், கோழிக்கோடு தவிர மற்ற இடங்களில் உடைந்த கப்பல் அரசுக்கே சேர்ந்தது என்று எழுதினார். அப்படியான கடலில், எவ்வளவு போகும், எவ்வளவு மிஞ்சும் என்று முதலே தெரிந்துகொண்டு பாய் விரிக்கலாம் என்பது வியாபாரிக்குப் பெரிய விஷயம்.

இதைப் படிக்கும்போது எங்களுக்கு மதீனாச் சந்தை நினைவுக்கு வந்தது. வெளியில் இருந்து சரக்கோடு வருகிற கூட்டத்தைச் சந்தைக்கு வர முன்பே வழியில் போய் மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற ஹதீஸ். காரணம் எளிது. வருகிறவனுக்குச் சந்தை விலை தெரியாது. உள்ளூர்க்காரன் வழியிலேயே அமுக்கிவிடுவான். ஊராத்துறைக் கட்டளை வருகிறவனைப் பார்த்து, எல்லோரும் காணுகிற ஒரு இடத்துக்கு வா என்கிறது. மதீனாக் கட்டளை உள்ளூரானைப் பார்த்து, அவன் அந்த இடத்துக்கு வரட்டும், விடு என்கிறது. இரண்டிலும் யார் பிள்ளை, எந்தச் சாதி, எந்த மொழி என்ற கேள்வி இல்லை. எங்கே நின்று விற்கிறாய் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வி பிறகு மாறியது. 1505இல் போர்த்துக்கேயர் இந்தத் தீவுக்கு வந்தபோது அவர்கள்தான் புது யாவாரிகள், சோனகர் பழைய யாவாரிகள். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியில் இருந்து சோனகரை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, ஏறக்குறைய 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். நேற்று வந்தவன் பழையவனைப் பார்த்து "நீ வெளியாள்" என்றான். ஊர்காவற்றுறைக்குக் 'கயிட்ஸ்' என்று பெயர் வந்ததும் அவர்களால்தான். அவர்களுடைய மொழியில் அது துறைமேடை. யானை ஏற்றிய துறைமேடை.

ஒல்லாந்தர் வந்து சரவணை இருக்கும் இந்தத் தீவுக்கு 'லெய்டன்' என்று பெயர் வைத்தார்கள். நயினாதீவு 'ஹார்லெம்' ஆனது. பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. சோனகரையும் செட்டிகளையும் அந்நியர் என்று எழுதி, இருப்பதற்கு விலையாக 'ஊழியம்' செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும் என்றார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே பிறந்தவனுக்கும் அதுதான். கல்வெட்டுக் காலத்தில் கப்பலுக்கு இருந்த கணக்கு இப்போது பிறப்புக்கு வந்துவிட்டது.

1915 கலவரத்தைப் பற்றி வகுப்பில் படிப்பிக்கும்போது பெரஹராவும் பள்ளிவாசலும் என்று முடித்துவிடுகிறோம். அதற்கு அடியில் கடை இருந்தது. தென்னிந்தியாவில் இருந்து வந்து சில்லறைக் கடை போட்ட கரையோரச் சோனகர் மேல் சிங்களக் கடைக்காரருக்கு நெடுநாள் காய்ச்சல், யுத்தகால விலையேற்றத்தால் சனத்துக்கும் எரிச்சல். மே 28 இரவு கண்டியில் தொடங்கியது. அடித்தவர்கள் நேற்று வந்த சோனகன், ஆயிரம் வருசச் சோனகன் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

இதைச் சரவணையில் சொன்னால் ஆருக்கும் விளங்கும். ஏனென்றால் தீவக மக்களும் போன இடமெல்லாம் புது யாவாரிகள்தான். வேலணை, சரவணை, புங்குடுதீவு, காரைநகர் ஆட்கள் தெற்கே போய்ப் பலசரக்குக் கடையும் சைவக்கடையும் போட்டார்கள். மண் கொடுக்காததைக் கல்லாப்பெட்டி கொடுத்தது. யாழ்ப்பாணப் பட்டினத்திலேயே அவர்களைத் 'தீவார்' என்று ஒரு மாதிரிச் சொன்ன காலம் இருந்தது, அதை மூத்தவர்கள் மறக்கவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்த கடைகளில் தீவகத்தாரின் கடைகளும் இருந்தன.

இனி எங்கள் கதை. 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். இரும்புக்கடை, தையல்கடை, நகைக்கடை, லொறி எல்லாம் அப்படியே விட்டுவிட்டு, மாற்று உடுப்போடும் சில நூறு ரூபாயோடும் வாப்பாமார் நடந்தார்கள். அது பலரும் எழுதிய கதை. நாங்கள் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்ததை.

புத்தளத்தில் எங்களை ஏற்றுக்கொண்டார்கள். தங்கள் பானையில் இருந்து சோறு போட்டார்கள், பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்துவிட்டார்கள். அந்த நன்றி இன்றைக்கும் உண்டு. பிறகு வாப்பாமார் பாதையோரத்தில் சாக்கு விரித்து விற்கத் தொடங்கினார்கள். மரக்கறி, உடுப்பு, எது கிடைத்ததோ அது. குறைந்த கூலிக்கும் போனார்கள், குறைந்த லாபத்துக்கும் விற்றார்கள், வேறு வழியில்லை. அப்போதுதான் 'அகதி' என்ற சொல் ஒரு பட்டப்பெயராக மாறியது. ஒரே மார்க்கம், ஒரே மொழி, ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறவர்கள். இருந்தும் சந்தையில் அந்த முறுகல் வந்தது. அந்த ஊர்க் கடைக்காரர் கெட்டவர்கள் இல்லை. வாடகை கட்டுகிற கடைக்கு முன்னால் வாடகை இல்லாத சாக்கு விரிந்தால் ஆருக்கும் நெஞ்சு பொறுக்காது. சரவணை அண்ணனின் கடன் கொப்பியைப் பார்க்கும்போது எங்களுக்கு அந்த முகங்கள்தான் தெரிந்தன.

யுத்தம் முடிந்து ஏ-9 பாதை திறந்தபின் நாங்களும் திரும்பினோம். தெற்கில் இருந்து நடைபாதை யாவாரிகளும் வந்தார்கள். சோனகத்தெருவில் பிறந்தவன் தன் பழைய கடைக்கு எதிரே தள்ளுவண்டி வைத்தபோது, அவனையும் 'வெளியூர் யாவாரி' என்ற ஒரே கணக்கில் போட்டவர்கள் உண்டு. அதனால் அந்தச் சொல்லை ஆர் எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் எங்களுக்குக் காது கூர்மையாகிவிடும்.

கூட்டத்தில் எங்களையும் ஒரு கதை கேட்டார்கள். கல்வெட்டுக் கதையைச் சொன்னோம். மறிக்கவும் வேண்டாம், ஒழுங்கை ஒழுங்கையாகக் கூவித் திரிய விடவும் வேண்டாம், கிழமையில் ஒரு நாள் சந்திப் பக்கம் ஒரு இடம் கொடுங்கள், ஊர்க் கடைக்காரரும் அன்றைக்கு அங்கே வந்து போடட்டும், இடக்காசு எல்லோருக்கும் ஒன்று, பெயரும் போன் நம்பரும் எழுதி வையுங்கள், கால் முறிந்த கதிரையைக் கொண்டுபோய்க் கேட்கலாம் என்றோம். கடை அண்ணன், "இடக்காசு ஒண்டெண்டா நான் வருசம் முழுக்கக் கட்டுற காசுக்கு என்ன கணக்கு?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. சபையில் கேட்டுச் சொல்லலாம் என்று ஒருவர் சொன்னார். பாதி வசனத்தில் நிறுத்தியவர்தான் அது. போகும்போது எங்கள் மோட்டார் சைக்கிள் வரைக்கும் வந்து, "சேர், அந்தக் கல்லு கோயிலில எவடத்தில இருக்கு?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் பிள்ளைகளைக் குறிகட்டுவானுக்குக் கூட்டிப்போய் வள்ளம் ஏற்ற இருக்கிறோம். அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இடம் இன்னும் இரண்டு மூன்று இருக்கிறது, வரக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள்.