வாக்குமூலத்தில் கையொப்பம் வைக்க முன்

மீரியபெத்த என்றால் வெளியூரவர்களுக்கு 2014 ஒக்டோபர் 29 மண்சரிவுதான் ஞாபகத்துக்கு வரும். இப்பகுதித் தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் எனக்கு இன்னொரு நாளும் மறக்காது.

பல வருடங்களுக்கு முன், பாலியல் வன்முறைக்கு உள்ளான ஒரு சிறுமியுடனும் அவளது தாயுடனும் பொலிஸ் நிலையம் ஒன்றுக்குப் போனேன். பிள்ளை தமிழில் சொன்னாள். ஒருவர் மொழிபெயர்த்தார். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. கையொப்பத்துக்கு நீட்டியதை வாங்கி வாசித்தேன். "இழுத்துக்கொண்டு போனார்" என்று அவள் சொன்னது "கூட்டிக்கொண்டு போனார்" என்று இருந்தது. எழுதியவரிடம் கெட்ட எண்ணம் இல்லை, சொன்னதும் திருத்தினார். ஆனால் அந்தத் தாய்க்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.

ஒரு சொல்தானே என்று நினைக்க வேண்டாம். பாலியல் வல்லுறவு வழக்கு நீதிவான் நீதிமன்றத்தில் தொடங்கி, சட்டமா அதிபரிடம் போய், குற்றப்பத்திரம் தாக்கலாகி மேல் நீதிமன்றத்துக்கு வரச் சில வேளை பல வருடங்கள் பிடிக்கும். அன்று சாட்சிக் கூண்டில் நிற்கும் பெண்ணிடம் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் காட்டுவது அந்த வாக்குமூலத்தைத்தான். "பொலிஸில் ஒன்று, இங்கே வேறொன்று சொல்கிறீர்களே" என்பார். வழக்கு அந்த இடத்திலேயே பலவீனமாகிவிடலாம்.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, வாய்மொழி முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும். வாசித்தும் காட்ட வேண்டும். அது முடியாவிட்டால், முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவரால் எழுத முடியாதென்றால்தான், காரணத்தைப் பதிந்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதலாம். ஆகவே "தமிழிலேயே எழுதித் தருகிறோம்" என்று கேட்பது சண்டித்தனம் அல்ல, உரிமை.

வேறு சில விடயங்களையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

உடம்பில் காயம் இல்லையென்றால் வழக்கு நிற்காது என்பது தவறு. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பின், தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு, எதிர்த்துப் போராடியதற்கான காயம் அவசியமில்லை என்று விளக்குகிறது. தண்டனை ஏழு முதல் இருபது வருடச் சிறை என 364ஆம் பிரிவு சொல்கிறது. இருந்தாலும் மருத்துவச் சான்று முக்கியம். பதறிப்போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டி உடுப்பைக் கழுவிவிட்டால் தடயம் போய்விடும். உடுப்பைக் கடதாசிப் பையில் போட்டு, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்கப்பட வேண்டும். சிறுமியென்றால் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சம்மதம்.

அடுத்தது "பேசித் தீர்ப்பது". தோட்டத்தில் தலைவர்மாரும், ஊரில் பள்ளி நிர்வாகத்தினரும் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து இதில் இறங்குகிறார்கள். காசு கொடுத்தோ, கலியாணம் முடித்து வைத்தோ மூடிவிடப் பார்க்கிறார்கள். வல்லுறவு அப்படி இணங்கித் தீர்க்கக்கூடிய குற்றமல்ல. முறைப்பாடு செய்ய வேண்டாமென்றோ வாபஸ் வாங்கும்படியோ பாதிக்கப்பட்டவரை மிரட்டுவது தனிக் குற்றம். 2015இல் வந்து, 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்ட, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் இதற்காகவே இருக்கிறது.

பேர் கெட்டுவிடும் என்ற பயத்துக்கும் பதில் உண்டு. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விபரத்தை வெளியிடுவது 365சி பிரிவின்படி குற்றம். முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் படத்தைப் பரப்பி "நீதி வேண்டும்" என்று எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சிறுவர் தொடர்பில் 1929, பெண்கள் தொடர்பில் 1938 என்ற இலக்கங்களுக்கு அழைக்கலாம். சட்டத்தரணிக்கு வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஆசிரியர்கள், மௌலவிமார், தொழிற்சங்கத்தார் எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். இப்படியொரு குடும்பம் உங்களிடம் வந்தால் சமரசம் பேசப் போகாதீர்கள். இரண்டு மொழியும் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அவர்களோடு அனுப்புங்கள். வாசித்துக் காட்டாத தாளில் எந்தத் தாயும் கையொப்பம் வைக்கக் கூடாது.