ஒரு சதம் குறைஞ்ச ரிக்கெற்

தியேட்டரில மரியாதை இல்லை எண்டு நாங்கள் குறை சொல்லேக்க, மிச்சக்காசு தராதது, உடைஞ்ச கதிரை, கேள்வி கேட்டால் எரிஞ்சு விழுறது எண்டுதான் பட்டியல் போகும். இதெல்லாம் உள்ளே போன எல்லாருக்கும் வருகிற கரைச்சல். கையில் ரிக்கெற் இருந்தும் வாசலில் மறிக்கப்படுகிறவர்களின் கதை வேறு. அந்த வரலாற்றில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: மறிக்கிறவர் உண்மைக் காரணத்தைச் சொல்லமாட்டார். ஒரு சின்ன விதியைத் தூக்கிக் காட்டுவார்.

2023 மார்ச் 30, 'பத்து தல' வெளியான நாள். சென்னை கோயம்பேட்டில் உள்ள ரோகிணி தியேட்டருக்கு நரிக்குறவர் குடும்பம் ஒன்று ரிக்கெற்றோடு போனது. ஊழியர்கள் உள்ளே விடவில்லை. அந்த வீடியோ பரவியதும் நிர்வாகம் விளக்கம் சொன்னது: படத்துக்கு யு/ஏ சான்றிதழ், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வந்திருந்தார்கள் என்று. ஆனால் யு/ஏ என்றால் பெற்றோரின் வழிகாட்டலோடு அந்தப் பிள்ளைகளும் பார்க்கலாம் என்றுதான் அர்த்தம். விதி இருந்தது உண்மை. அது சொன்னதோ வேறொன்று. கடைசியில் அந்தக் குடும்பம் படம் பார்த்தது. ஆனால் அதுக்கு ஒரு வீடியோ தேவைப்பட்டது.

இதே கதையை இன்னும் பழசாகப் பார்க்க, கனடாவுக்குப் போவோம். எங்கட சொந்தக்காரர் கனபேர் அங்கேதான் இருக்கினம். அவர்கள் கையில் புழங்கும் 10 டொலர்த் தாள் ஒன்றில் வயோலா டெஸ்மண்ட் என்ற கறுப்பினப் பெண்ணின் படம் இருக்கிறது. 1946 நவம்பர் 8 அன்று, நோவா ஸ்கோஷியாவின் நியூ கிளாஸ்கோ நகரில் ரோஸ்லாண்ட் தியேட்டருக்குப் போனவர் அவர். கீழ்த்தளத்துக்கு ரிக்கெற் கேட்டார், கொடுத்ததோ மாடிக்கு. கீழே வெள்ளையர், மேலே கறுப்பர் என்பது அங்கே எழுதாத வழக்கம். மிச்சத்தைக் கட்டுகிறேன் என்றார், வாங்கவில்லை. போய்க் கீழேயே இருந்தார். பொலிஸ் வந்து இழுத்துக்கொண்டு போனது. இரவு முழுக்கச் சிறை.

வழக்கு எதுக்குத் தெரியுமா? கீழ்த்தள ரிக்கெற்றுக்கான கேளிக்கை வரியில் ஒரு சதம் கட்டவில்லையாம்! 20 டொலர் தண்டம், 6 டொலர் வழக்குச் செலவு. நிறத்தைப் பற்றி நீதிமன்றத்தில் ஒரு கதையும் இல்லை. 2010 இல்தான் மாகாண அரசு மன்னிப்புக் கேட்டது. அவர் 1965 இலேயே இறந்துவிட்டார். படம் தாளில் ஏறியது 2018 இல்.

எங்கட நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கு. சாதியைக் காட்டிப் பொது இடங்களில் மறிப்பதை 1957 இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது. அதுக்குப் பிறகும் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போக, யாழ்ப்பாணத்தில் சனம் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலத்தைப் பொலிஸ் அடித்தது. 1978 அரசியலமைப்பின் 12(3) ஆம் உறுப்புரை இன்னும் தெளிவு: இனம், மதம், மொழி, சாதி, பால் என்ற காரணங்களால் கடை, உணவகம், ஹோட்டல், பொதுக் களியாட்ட இடம் எதிலும் ஒருவரையும் மறிக்கக்கூடாது. தியேட்டரும் அதுக்குள்ள அடங்கும்.

சட்டம் இருந்தும் ஏன் நடக்குது? வாசலில் நிற்கிறவர் சாதி என்றோ இனம் என்றோ வாய் திறப்பதில்லை. சான்றிதழ், உடுப்பு, 'ஹவுஸ் ஃபுல்' என்பார். விதிக்குப் பின்னால் ஒளிந்தால் வழக்கும் நிற்காது, கூட இருக்கிறவர்களின் மனச்சாட்சியும் உறுத்தாது.

வவுனியாவுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எங்களோடு படிக்கினம், வேலை செய்யினம். 'தோட்டக்காட்டான்' என்ற சொல் இன்னும் சாகவில்லை. கடையோ, கந்தோரோ, தியேட்டரோ, ஒருத்தரை மறிக்கிறதைக் கண்டால் நாங்கள் பக்கத்தில் நின்று கேட்க ஒரு கேள்வி போதும்: "அண்ணை, இந்த விதி எங்களுக்கும்தானே?"